நம் கையாற் கட்டிய நூலகம்



கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக அட்டன் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையிலே, களனி கங்கையின் அருகே அமைந்துள்ள சிற்றூர் யட்டியாந்தோட்டை. கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும் இறப்பர்த் தோட்டங்களும் உள்ளன. இன்று அங்கே புகையிரதம் இல்லை; ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. களனிப் பள்ளத்தாக்குப் பாதை என்று பெயர்பெற்ற ஒடுங்கிய இருப்புப்பாதை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர்வரை வந்து நின்றது. அதன் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 2 அடி 6 அங்குலம். இலங்கையின் பிரதான பாதையின் அகலமோ 5 அடி 6 அங்குலம். ஆகவே கண்டிக்குப் போகும் வண்டி எத்துணைச் சிறந்ததாயினும் யட்டியாந்தோட்டைப் பாதையில் அதன் சில்லுகள் பொருந்தமாட்டா. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவிசாவளைக்கு அப்பால் யட்டியாந்தோட்டைக்குச் சென்ற தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அவிசாவளைவரை எஞ்சிய பாதை 1990களில் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. யட்டியாந்தோட்டைக்கு வண்டி திரும்பி வரவேயில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் புகையிரதம் அன்று, கணினி. ஆயினும் அளவு பொருந்தாத வண்டியும், பெயர்த்தெடுக்கப்பட்ட பாதையும் இந்தப் பேச்சில் மறுபடியும் வரும். அவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

யட்டியாந்தோட்டையை அடுத்த தோட்டம் ஒன்றிலே, ஒரு சிறு மண்டபத்தில் மாலை வகுப்பு ஒன்று நடைபெறுகிறது. பிள்ளைகளுக்குக் கணினி பயிற்றுவிக்க நானும் வாரத்தில் இரண்டு நாள் அங்கே செல்வதுண்டு. யாரோ ஒரு நல்லவர் தம் அலுவலகத்திற்கு இனி வேண்டாம் என்று கொடுத்துவிட்ட பழைய கணினி ஒன்றே எங்கள் மூலதனம். ஆண்டிறுதியில் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வழங்க எண்ணினோம். ஒவ்வொரு சான்றிதழிலும் பிள்ளையின் பெயர், தாய் தந்தையர் பெயர், ஊர்ப்பெயர் ஆகியவை தாமாகவே அச்சாகும்படி, பைத்தான் என்னும் நிரல்மொழியில் சிறியதொரு நிரலை மாணவி ஒருத்தி எழுதினாள். உயர்தர வகுப்பிற் படிப்பவள். அவளுடைய தாயார் அதே தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்.

நிரல் ஓடியது, சான்றிதழும் வந்தது. ஆனால் ஊர்ப்பெயர் சிதைந்திருந்தது. 'தோ' என்னும் எழுத்தில், தகரத்துக்கு இடப்பக்கம் நிற்கவேண்டிய இரட்டைக் கொம்பும் வலப்பக்கம் நிற்கவேண்டிய காலும் சேர்ந்து வலப்பக்கத்திலேயே ஒண்டிக்கொண்டிருந்தன. 'டை' என்னும் எழுத்திலே, முன்னால் நிற்கவேண்டிய ஐகாரக் கொம்பு டகரத்துக்குப் பின்னால் நின்றது. தமிழ் கற்ற எவரும் அதை ஊர்ப்பெயர் என்று ஒப்புக்கொள்ளார்.

மகளை அழைத்துச் செல்ல வந்திருந்த தாயார் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அவருடைய பெயரிலும் ஓர் ஓகாரம் உண்டு. "எம் பேரு காகிதத்துல ஒரு தடவகூடச் சரியா வந்ததில்ல ஐயா. இதுலயும் வரல" என்றார். கோபம் இல்லாமல், மழை பெய்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார்.

நேயர்களே, மலையகத்தாருக்குக் காகிதத்தில் உள்ள பெயர் சிறிய சங்கதி அன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குமாகப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் அந்த நெடிய வழக்கு பெரும்பாலும் தீர்ந்தது. அத்தனை ஆண்டுகளும் ஒருவர் எந்த நாட்டவர் என்பதை அவர் கையிலிருந்த தாள்களே தீர்மானித்தன. ஆகையால் அந்த அம்மையார் கூறிய சொல் என்னை வீடுவரை தொடர்ந்து வந்தது.

எழுத்துச் சிதைந்ததன் காரணத்தை முதலில் விளக்குகிறேன். கணினி தமிழை ஒருங்குறி என்னும் முறையில் சேமிக்கிறது. 1991இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. அம்முறையில் முதலில் மெய்யின் குறியீடு, அதன்பின் உயிரின் குறி என்று ஒலிக்கும் வரிசையிலேயே எழுத்துகள் அடுக்கப்படும். யட்டியாந்தோட்டை என்பது நம் கணக்கில் 8 எழுத்து. கணினியின் கணக்கில் 15 குறியீடுகள். அந்த 15 குறியீடுகளையும் தமிழ் மரபுக்கேற்ப இடம் மாற்றி, கொம்பை முன்னே கொணர்ந்து, காலைப் பின்னே நிறுத்தி, புள்ளியை உரிய மெய்யின் தலையில் வைத்து அடுக்கித் தர ஒருவர் வேண்டும். அந்தப் பணியைச் செய்வது ஹார்ப்பஸ் என்னும் நிரல் நூலகம். ஈரானிற் பிறந்த பெஹ்தாத் எஸ்பஹ்போத் என்பவர் அதனை இன்றைய வடிவில் எழுதியவர்களுள் தலையாயவர். அதன் பெயரும் பாரசீகச் சொற்களால் ஆனது. இன்று ஆண்ட்ராய்டுத் தொலைபேசியிலும், பயர்பாக்ஸ், குரோம் போன்ற உலாவிகளிலும் நாம் தமிழைப் பிழையின்றிக் காண்பதற்கு அதுவே துணை. எங்கள் மாணவியின் நிரலுக்கு அந்தத் துணை கிட்டவில்லை, அவ்வளவே கோளாறு.

நிரல் நூலகம் என்றேன். நூலகம் என்றவுடன் புத்தக அலுமாரிகள் நினைவுக்கு வரும். கணினியுலகில் நூலகம் என்பது, பல நிரல்கள் இரவல் வாங்கிப் பயன்படுத்தும் பொதுவான வேலைகளின் தொகுப்பு. எழுத்தை அடுக்குவது ஒரு வேலை. படத்தைச் சுருக்குவது இன்னொரு வேலை. அவற்றை ஒவ்வொருவரும் தாமே புதிதாக எழுதவேண்டியதில்லை. ஒருவர் செம்மையாக எழுதி வைத்ததை மற்றையோர் அழைத்துக்கொள்ளலாம்.

அந்த நூலகம் இரு வடிவங்களில் கிடைக்கும். ஒன்று மூலநிரல், மனிதர் எழுதி, மனிதர் வாசிக்கக்கூடிய வடிவம். மற்றையது இயந்திர வடிவம்; கணினி மட்டுமே வாசிக்கக்கூடியது. தோட்டத்தில் வாழும் நேயர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். மூலநிரல் கொழுந்தைப் போன்றது. இயந்திர வடிவம் தூளைப் போன்றது. கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தி, சலித்துத் தரம் பிரித்தபின் தூள் கிடைக்கிறது. ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்தில் ஒரு கிலோ தூள்தான் தேறும். தூளைக் கையில் வைத்துக்கொண்டு, இது எந்த மலையின் கொழுந்து, யார் பறித்தது என்று மீட்டுக் காண இயலாது. அவ்வாறே இயந்திர வடிவத்தை மாத்திரம் பெற்றவர், அதனுள் என்ன இருக்கிறது என்று எளிதில் கண்டறிய இயலாது. தம் தேவைக்கேற்பத் திருத்தவும் இயலாது. மூலநிரலைப் பெற்றவருக்கோ இரண்டும் இயலும்.

"கடையில் தூள் வாங்குவதுபோல், ஆயத்தமான நூலகத்தையே இறக்கிக்கொள்ளலாமே" என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலோர் அதைத்தான் செய்கிறார்கள்; அதுவே சரியும்கூட. எங்களுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. எங்கள் கணினி 32 பிட் இனத்தைச் சேர்ந்தது. இன்று உலகில் பெரும்பாலான கணினிகள் 64 பிட் இனத்தவை. 64 பிட் இயந்திரத்துக்காகச் செய்த நூலகம் 32 பிட் இயந்திரத்தில் ஓடாது. ஐந்தரை அடிப் பாதையின் வண்டி இரண்டரை அடிப் பாதையில் ஓடாததைப் போன்றதே இது. பழைய இனத்துக்கென ஆயத்த வடிவங்களைச் செய்து தருபவர்களும் ஒவ்வொருவராக அதைக் கைவிட்டு வருகிறார்கள். டெபியன் என்னும் புகழ்பெற்ற இயங்குதளம்கூட 2025இல் வெளியான தன் 13ஆம் பதிப்பில், பழைய 32 பிட் கணினியில் புதிதாக நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பயணிகள் குறைந்த பாதையை எவ்வளவு காலம் காப்பது? ஆனால் பாதையின் கடைசி நிலையத்தில் நிற்பவனுக்கு, அவன் ஒருவனே ஆனாலும், ஊருக்குப் போகத்தானே வேண்டும்?

மூலநிரல் அங்கேதான் கைகொடுக்கிறது. அது எந்த இனக் கணினிக்கும் உரிய தூள் அன்று. எல்லாவற்றுக்கும் பொதுவான கொழுந்து. நம் இயந்திரத்திலேயே அதைப் பக்குவம் செய்தால், நம் இயந்திரத்துக்குப் பொருந்தும் நூலகம் கிடைத்துவிடும். நமக்கு வேண்டிய அளவில் தண்டவாளத்தை நாமே இட்டுக்கொள்வதற்கு ஒப்பானது அது.

கொழும்பில் இணைய வசதியுள்ள ஓரிடத்திலிருந்து மூலநிரல் கட்டுகளைப் பென்டிரைவில் எடுத்து வந்தோம். மாணவியின் நிரல், பில்லோ என்னும் பட நூலகத்தை நாடுகிறது. பில்லோ தமிழ் போன்ற எழுத்துகளை வரைய ரக்கம் என்னும் நூலகத்தை நாடுகிறது. ரக்கம் மேலும் மூன்றை நாடுகிறது. எழுத்துருவிலிருந்து வடிவத்தை எடுத்துத் தரும் பிரீடைப் ஒன்று. எழுத்தை அடுக்கும் ஹார்ப்பஸ் மற்றொன்று. அரபு, எபிரேயம்போல வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்துக்கு வரிசை வகுக்கும் பிரிபிடி மூன்றாவது. தமிழுக்கு மூன்றாவதன் தேவை இல்லையே என்று தோன்றும். ஆயினும் ரக்கம் எல்லா மொழிகளுக்கும் ஒருசேரப் பணி செய்ய எழுதப்பட்டமையால், அதுவும் இருந்தே ஆகவேண்டும்.

ஆகவே வரிசை முக்கியம். வாட்டாத கொழுந்தை உருட்டினால் என்னாகும் என்று தொழிற்சாலையில் வேலை செய்பவரைக் கேட்டுப் பாருங்கள். அடியிலிருந்து மேலே கட்டிச் செல்லவேண்டும். இந்த வரிசையைக் காப்பதற்கென்றே கருவிகள் உள்ளன. அவற்றின் மூதாதை, 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் பெல்ட்மன் ஆக்கிய மேக் என்பது. திருத்திய நிரலை மறுபடியும் கட்ட மறந்துவிட்டு, பிழை எங்கே என்று காலைப்பொழுது முழுவதையும் வீணாக்கிய நண்பர் ஒருவரின் முறைப்பாட்டிலிருந்து அது பிறந்ததாம். இன்று ஹார்ப்பஸ் போன்றவை மேசன் என்னும் புதிய கருவியைக் கொண்டு கட்டப்படுகின்றன. வேலை மூன்று படி. முதற்படியில் கருவி நம் கணினியைச் சோதித்து, எவை உள்ளன, எவை இல்லை என்று பட்டியலிடும். இரண்டாம் படியில் தொகுப்பி என்னும் நிரல், மூலநிரலை இயந்திர வடிவாக மாற்றி ஒன்றாய்ப் பிணைக்கும். மூன்றாம் படியில் முடிந்த நூலகம் உரிய இடத்தில் நிறுவப்படும்.

சொல்வதற்கு மூன்று படி. செய்வதற்கு எங்களுக்கு நான்கு மாலைப்பொழுதுகள் பிடித்தன. அந்த நான்கு மாலைகளிலும் கற்றதைச் சொல்வது, இதே வழியில் இறங்குவோர்க்குப் பயன்படும்.

முதல் மாலையில், பிரீடைப் இல்லை என்று சோதனை கூறியது. ஆனால் அது கணினியில் இருப்பதை நாங்கள் கண்ணாற் கண்டோம். பின்னரே காரணம் விளங்கிற்று. நூலகத்தை ஓட்டுவதற்கு அதன் இயந்திர வடிவம் போதும். அதன்மேல் இன்னொன்றைக் கட்டுவதற்கு, உள்ளே என்னென்ன வேலைகள் எந்தெந்தப் பெயரில் உள்ளன என்று கூறும் தலைப்புக் கோப்புகளும் வேண்டும். களஞ்சியத்தில் சரக்கு உண்டு. இருப்புப் புத்தகம் இல்லை என்பதுபோன்ற நிலைமை. ஆகவே பிரீடைப்பையும் மூலத்திலிருந்தே கட்டினோம். அதிலும் ஒரு சிக்கல். பிரீடைப் ஹார்ப்பஸின் உதவியை நாடலாம்; ஹார்ப்பஸும் பிரீடைப்பின் உதவியை நாடும். யார் முந்துவது? ஹார்ப்பஸை நாடவேண்டாம் என்று கட்டளையிட்டுப் பிரீடைப்பை முதலில் கட்டிவிட்டால், முடிச்சு அவிழ்ந்துவிடும்.

இரண்டாம் மாலையில், ஹார்ப்பஸைத் தொகுக்கும்போது கணினி உறைந்து நின்றது. பல வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கியதால் நினைவகம் போதவில்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய் என்று கட்டளையிட்டோம். மெதுவாக ஓடியது, ஆனால் முடித்தது. மேலும், ஆகப் புதிய பதிப்பே சிறந்தது என்று எண்ணிப் பழைய இயந்திரத்தின்மேல் அதைச் சுமத்துதல் ஆகாது என்பதையும் அன்று உணர்ந்தோம். இயந்திரம் ஏற்கும் பதிப்பே நல்ல பதிப்பு.

மூன்றாம் மாலைதான் எங்களை மிகவும் சோதித்தது. பிரிபிடி முடிந்தது, ரக்கத்தைக் கட்டத் தொடங்கியபோது திரை நிறையப் பிழைச் செய்திகள் வந்தன. அவள் கடைசிச் செய்தியைப் படித்துவிட்டு அழும் நிலைக்கு வந்துவிட்டாள். மேலே சென்று முதற் செய்தியைப் படிக்கச் சொன்னேன். கோப்பு ஒன்றின் இடம் தெரியவில்லை என்பதே அதன் பொருள். புதிய நூலகங்களை எங்கே வைத்தோம் என்று கருவிக்கு அறிவித்தவுடன் மற்றைய செய்திகள் யாவும் தாமே மறைந்தன. பின்னர் பில்லோவையும் கட்டினோம். ஒரு பிழையும் இல்லை. ஆவலோடு சான்றிதழை அச்சிட்டோம். ஊர்ப்பெயர் முன்போலவே சிதைந்து வந்தது!

அன்றிரவு எவரும் அதிகம் பேசவில்லை.

நான்காம் மாலையில் அவளே காரணத்தைக் கண்டுபிடித்தாள். பில்லோ கட்டி முடிந்தபின், எந்தெந்த வசதிகள் சேர்ந்தன, எவை சேரவில்லை என்று ஒரு சுருக்கப் பட்டியலை அச்சிடுவது வழக்கம். ஓடி மறைந்த வரிகளுக்கிடையே அதைத் தேடிப் படித்தவள், ரக்கம் கிடைக்கவில்லை என்ற ஒரு வரியைக் கண்டாள். கிடைக்காத வசதியை விட்டுவிட்டு, எஞ்சியதைக் குறையின்றிக் கட்டிவிட்டு, வெற்றி என்று கருவி அறிவித்திருந்தது. பொய்யும் சொல்லவில்லை, உரத்தும் சொல்லவில்லை. இடத்தைக் குறிப்பிட்டு மறுபடியும் கட்டினோம். இப்போது வேறொரு செய்தி வந்தது: ரக்கத்தின் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று. நூலகங்களின் இருப்பிடப் பதிவேட்டைப் புதுப்பிக்கும் கட்டளையை நாங்கள் இட மறந்திருந்தோம். அதையும் இட்டோம். ரக்கம் உண்டா என்று பில்லோவைக் கேட்டாள். உண்டு என்று ஒரே சொல்லில் விடை வந்தது.

பிறகு அச்சுப்பொறியின் முன் எல்லோரும் கூடினோம். யட்டியாந்தோட்டை என்று, கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்க, ஊர்ப்பெயர் வெளிவந்தது. அதற்குக் கீழே தாயாரின் பெயர், ஓகாரம் சிதையாமல் இருந்தது.

நேயர்களே, மூலநிரலைப் பெற்றுவிட்டால் எல்லா ஆபத்தும் நீங்கிற்று என்று எண்ணிவிடலாகாது. 2024 மார்ச் மாதத்தில் உலகைத் திடுக்கிடச் செய்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-செட் என்னும் நூலகத்தின் பராமரிப்புப் பொறுப்பை நயமாகப் பேசிப் பெற்றுக்கொண்ட ஒருவர், அதனுள் கள்ளவழி ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். எல்லோரும் பார்வையிடும் பொது ஏட்டில் அந்தச் சூழ்ச்சி முழுமையாக இல்லை. இறக்கிக்கொள்வதற்கென வெளியிட்ட கட்டின் கட்டுமானக் கட்டளைகளிலே அதன் திறவுகோல் மறைந்திருந்தது. ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியியலாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி அதிகம் ஆவதைக் கவனித்து, துருவிச் சென்று அதனைக் கண்டுபிடித்தார். கொழுந்து கண்முன்னே கிடந்தமையால்தான் அவரால் துருவ முடிந்தது. திறந்து வைத்திருப்பது மாத்திரம் காவல் ஆகாது. திறந்ததைப் பார்க்கும் கண்ணும் வேண்டும்.

அத்தகைய கண்கள் நம் நாட்டிலும் உண்டு. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை நம் கரைகளைத் தாக்கியபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப்பொருள்களையும் பதிவு செய்வதற்கு, இலங்கை நிரலாளர்கள் சில வாரங்களில் சஹானா என்னும் மென்பொருளை எழுதினார்கள். மூலநிரலைத் திறந்தே வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அங்குள்ளோர் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஈரானிற் பிறந்தவர் எழுதியது யட்டியாந்தோட்டைக்கு வந்ததுபோல, இலங்கையில் எழுதியது பாகிஸ்தானுக்குப் போயிற்று.

தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கம் உண்டு. கொழுந்தைப் பறிப்பது ஒரு கை. தூளைத் தரம் பிரித்து விலை சொல்வது இன்னொரு கை. பறித்தவருடைய வீட்டுக்கு வருவது பெரும்பாலும் கடைத்தரத் தூள். இந்தப் புதிய தொழிலிலோ கொழுந்தும் கிடைக்கிறது; தொழிற்சாலையின் வரைபடமும் கிடைக்கிறது; அனுமதி கேட்டு எவர் வாசலிலும் நிற்கவேண்டியதில்லை. கேட்கப்படும் விலை பொறுமை ஒன்றே. முதற் பிழையை முதலிற் படிக்கும் பொறுமையும், வெற்றி என்று திரை சொன்ன பிறகும் சுருக்கப் பட்டியலைப் படிக்கும் பொறுமையுமே அவை. நான்கு மாலைகளை அதற்காகச் செலவிட்ட அந்த மாணவி, இப்போது தனக்கு அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையே கற்பிக்கிறாள்.

சான்றிதழ் வழங்கிய அன்று அந்தத் தாயார், மகளின் பெயரைப் பார்ப்பதற்கு முன் தம் பெயரை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் படித்தார். பிறகு தாளை மடிக்காமல், முந்தானையால் மறைத்து, மழையில் நனையாதபடி லயத்துக்கு எடுத்துச் சென்றார்.